ரப்பர் அடியும் தோல் மேற்புறமும்: காலுக்கேற்ற பூட்ஸைத் தேர்ந்தெடுத்தல்

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்று கேட்பது நம் பழமொழி. காலுக்கு ஏற்ற செருப்பைத் தேடவேண்டுமேயன்றி, செருப்புக்கு ஏற்பக் காலைத் துன்புறுத்தலாகாது என்பது அதன் கருத்து. ஆயினும், தென்னாட்டை விட்டு வடக்கேயும் வடகிழக்கேயும் தொழில் நிமித்தம் சென்று வாழும் நாம் இந்தப் பழமொழியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். குளிர்ப் பிரதேசத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தவுடன் கம்பளிச் சட்டை, சால்வை, மப்ளர், ரஜாய் ஆகியவற்றை வாங்குவதில் நாம் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் காலணியில் காட்டுவதில்லை. ஊரில் அணிந்த செருப்போ, அலுவலகத்துக்கு அணியும் மெல்லிய தோல் ஷூவோ போதும் என்று கருதுகிறோம். முதல் குளிர்காலம் முடிவதற்குள் விரல்கள் வெடித்து, குதிகால் பிளந்து, கால் நம்மிடம் நியாயம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

சிம்லாவின் சரிவுகளில் குளிர்காலத்து வெண்பனி பகலில் உருகிச் சேறாகி, இரவில் மீண்டும் உறைகிறது. மேகாலயத்தில் மௌசின்ராம் என்னும் சிற்றூரில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சிக்கிமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் சாலை போடுவோர், நிலம் அளப்போர், மின்கம்பி இழுப்போர், பாலம் கட்டுவோர் ஆகியோருடைய பாதை பெரும்பாலும் ஈரத்தின் வழியாகவே செல்கிறது. இத்தகைய இடங்களில் வாழ்வோருக்குப் பயன்படக்கூடிய ஒரு காலணி வகையைப் பற்றி இங்கே கூறுவோம். அதன் கீழ்ப்பாகம் ரப்பர், மேற்பாகம் தோல். மேல்நாட்டில் இதனை வேட்டை பூட்ஸ் என்பர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஆதலால் நமக்கு இந்தப் பெயரில் உள்ள வேட்டை வெறும் பெயரளவே. பெயர் வேட்டைக்காரனுடையது, பயன் ஈரத்தில் நடப்பவர் எல்லோருக்கும் உரியது.

இக்காலணியின் அமைப்பை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், காலை நனைக்கும் நீர் இருவகைப்பட்டது என்பதை முதலில் உணரவேண்டும். ஒன்று வெளியிலிருந்து வருவது: மழை, பனி, சேறு, ஓடைநீர். மற்றொன்று உள்ளிருந்து வருவது: வியர்வை. வெளிநீரைத் தடுப்பதில் ரப்பருக்கு நிகரானது இல்லை. ஆனால் அது உள்நீரையும் வெளியே விடாது. முழங்கால் வரை ரப்பரால் ஆகிய கம்பூட்ஸை நாள் முழுவதும் அணிந்து நடந்தவர்கள் மாலையில் அதைக் கழற்றும்போது, மழையே பெய்யாத நாளிலும் காலுறை நனைந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். தோலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதன் நுண்துளைகள் வழியே வியர்வையின் ஆவி மெல்ல வெளியேறும். ஆனால் நெடுநேரம் நீரில் ஊறினால் தோல் நீரை உறிஞ்சிப் பளுவாகி, குளிர்ந்துவிடும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த கால் என்பது வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும் கால்.

இந்த இரு பொருள்களின் குணத்தையும் தனித்தனியே பயன்படுத்தி, நீர் தேங்கும் கீழ்ப்பகுதியில் ரப்பரையும், நீர் தெறிக்க மட்டுமே செய்யும் மேற்பகுதியில் தோலையும் வைப்பதே இந்தப் பூட்ஸின் தத்துவம். இரண்டும் சேருமிடத்தில் ஒரு தையல் கோடு ஓடுகிறது. அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பனவே இக்காலணியின் உயிர்நிலை.

ரப்பர் காலணிக்கு ஏற்ற பொருளாக ஆனதே 19-ஆம் நூற்றாண்டில்தான். பதப்படுத்தாத ரப்பர் கோடையில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகத்தோடு சேர்த்து வெப்பமூட்டினால் அந்தக் குறை நீங்கும் என்பதை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். 1844-இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். அதன் பின்னரே குளிர்நாடுகளில் ரப்பர் பூட்ஸ் பரவியது. வட அமெரிக்காவின் மரம் வெட்டுவோரும் வேட்டைக்காரரும் ரப்பரையும் தோலையும் அவற்றின் குறைகளோடு பொறுத்துக்கொண்டு அணிந்து வந்தனர்.

இவ்விரண்டையும் இணைத்துப் புகழ் பெறச் செய்தவர் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள மெயின் மாநிலத்தைச் சேர்ந்த லியான் லியான்வுட் பீன் என்பவர். அவர் 1872-இல் பிறந்தவர். மெயின் மாநிலம் பெருங்காடுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்தது. அங்கே மான் வேட்டைக்குரிய நவம்பர் மாதத்தில் பனி முழுதும் உறைவதுமில்லை, தரை முழுதும் காய்வதுமில்லை. 1911-இல் வேட்டைக்குச் சென்று, நனைந்து விறைத்த கால்களுடன் திரும்பிய பீன், தொழிலாளர் அணியும் ரப்பர் காலணியின் அடிப்பாகத்தின் மேல் தோலை வைத்துத் தைக்குமாறு உள்ளூர்க் காலணித் தொழிலாளி ஒருவரைக் கேட்டுக்கொண்டார். அது அவருடைய காலுக்கு நன்கு பயன்பட்டது. எனவே 1912-இல், மெயின் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வேட்டை உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தேடி எடுத்து, அவர்களுக்கு அஞ்சல் வழியே விளம்பரம் அனுப்பி, 100 ஜோடிகளை விற்றார்.

அந்த 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்துவிட்டன. தோலும் ரப்பரும் சேருமிடத்தில் தையல் விட்டுப்போயிற்று. மெல்லிய ரப்பர் தையலின் இழுப்பைத் தாங்கவில்லை. பீன் 90 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், கடன் வாங்கினார், ரப்பர் தொழிற்சாலை ஒன்றின் துணைகொண்டு தையலைத் தாங்கவல்ல உறுதியான அடிப்பாகத்தைச் செய்வித்து, மீண்டும் விற்பனையைத் தொடங்கினார். அவர் 1967-இல் காலமானார். அந்தப் பூட்ஸ் சிற்சில மாறுதல்களுடன் இன்றும் மெயின் மாநிலத்திலேயே தயாராகிறது. உலகெங்கும் பல நிறுவனங்கள் அதே அமைப்பில் காலணி செய்து விற்கின்றன.

இவ்வரலாற்றில் வாங்குவோருக்கு ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. இத்தகைய பூட்ஸ் முதலில் கெடும் இடம் அடியுமன்று, மேலுமன்று, இரண்டும் கூடுமிடமே. கடையில் கையில் எடுத்தவுடன் பளபளப்பைப் பார்க்காமல் அந்தத் தையல் கோட்டைப் பார்ப்பவரே பொருளை அறிந்து வாங்குபவர்.

நனைந்த காலினால் விளையும் கேடு வெறும் அசௌகரியம் என்று எண்ணிவிடலாகாது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் ஈரத்தில் நாள்கணக்கில் நின்ற வீரர்களின் கால்கள் முதலில் மரத்து, பின்னர் வீங்கி, நிறம் மாறி, சிலருக்கு அழுகவும் செய்தன. இதனைப் பதுங்குகுழிக் கால்நோய் என்று மருத்துவர் அழைத்தனர். இந்நோய்க்கு உறைபனி தேவையில்லை. உறைநிலைக்கு மேற்பட்ட குளிரே போதும். அதனோடு ஈரமும், இறுக்கமான காலணியும், அசையாது நிற்பதும் சேர்ந்தால் இரத்த ஓட்டம் குன்றி நோய் உண்டாகிவிடும். இரண்டாம் உலகப் போரில் 1944-45 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் போரிட்ட அமெரிக்கப் படையில் ஏறக்குறைய 45,000 பேர் குளிரால் விளைந்த இத்தகைய காயங்களுக்காக மருத்துவமனை சேர நேர்ந்தது. அவர்கள் அணிந்திருந்த தோல் பூட்ஸ் நீரை உறிஞ்சியது. ரப்பர் அடியும் தோல் மேற்புறமும் கொண்ட பூட்ஸ் காலந்தாழ்ந்தே போர்முனைக்கு வந்தது. வந்த பின்னரும் குறை தீர்ந்துவிடவில்லை. நெடுந்தூரம் அணிவகுத்துச் செல்லும்போது அதனுள் கால் வியர்த்தது. பாதத்துக்குப் போதிய தாங்குதலும் கிடைக்கவில்லை. நல்ல காலணியே ஆயினும் அதற்குரிய வேலைக்கு மட்டுமே அது நல்லது என்பதை இதனால் அறிகிறோம். நம் நாட்டிலும் 1962-இல் வடகிழக்கு எல்லையில் நம் வீரர் பலர் பருத்தி உடையோடும் கான்வாஸ் காலணியோடும் பனிமலையில் நிற்க நேர்ந்த துயரம் வரலாற்றில் பதிவாகியுள்ளது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலில் கேட்கவேண்டிய கேள்வி, நாம் நடக்கும் நிலம் எத்தகையது என்பது. ஈரமும் மிதமான குளிரும் சேர்ந்திருக்கும் இடமே இந்தப் பூட்ஸுக்கு உரிய இடம். உருகும் பனி, நனைந்த புல், சேற்றுப் பாதை, ஆழமற்ற ஓடை, சதுப்பு நிலம் ஆகியவற்றில் இது சிறந்து விளங்கும். லடாக்கின் கடுங்குளிரில், உள்ளே கம்பளி உறையில்லாத பூட்ஸ் போதாது. அங்கே வெப்பம் காக்கும் உள்ளுறை கொண்ட தனிவகை தேவை. செங்குத்தான பாறைகளில் ஏறுவதற்கும் இது ஏற்றதன்று. இதன் அடி வளைந்து கொடுக்கும். கணுக்காலை இறுகப் பற்றாது. கூரிய கல்லை உள்ளங்கால் உணரும். வங்காளத்தின் வெப்பமான மழைக்காலத்தில் இதை அணிந்தால் கால் வியர்வையிலேயே ஊறிவிடும். அங்கே விரைவில் காயும் திறந்த செருப்பே மேல். இடமறியாது வாங்கிய விலையுயர்ந்த பூட்ஸைவிட, இடமறிந்து வாங்கிய மலிவான கம்பூட்ஸ் பல மடங்கு உயர்ந்தது.

இரண்டாவது கேள்வி எடை. காலில் ஏறும் எடையும் முதுகில் ஏறும் எடையும் ஒன்றல்ல. காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் நான்கு முதல் ஆறு கிலோ வரையில் உள்ள சுமைக்கு ஒப்பான உழைப்பை உடலிடம் கேட்கிறது என்பது உடலியல் சோதனைகளில் தெரியவந்த உண்மை. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு மணி நேரம் நடப்பவர் ஒவ்வொரு காலையும் ஏறக்குறைய 2,500 முறை தூக்கி வைக்கிறார். ஒரு பூட்ஸ் தேவைக்கு மேல் 200 கிராம் கூடுதலாக இருப்பின், ஒவ்வொரு காலும் அந்த ஒரு மணியில் 500 கிலோவை வீணாகத் தூக்கியிருக்கிறது என்பது பெறப்படும். மாலையில் தொடையிலும் முழங்காலிலும் தோன்றும் வலிக்கு வயதைக் குறை கூறுகிறோம். பல சமயங்களில் குற்றம் பூட்ஸினுடையது. ஆதலால் இரண்டு ஜோடிகளுக்கிடையே ஐயம் தோன்றினால் கடையில் உள்ள தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. எடை குறைவாயிருப்பது நன்று. ஆனால் அடி ரப்பரை மெல்லியதாக்கி எடையைக் குறைத்திருந்தால், அது விரைவில் தேய்ந்து ஓட்டையாகும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

எடையோடு தொடர்புடையது உயரம். இவ்வகைப் பூட்ஸ் கணுக்காலை மட்டும் மூடும் 6 அங்குல உயரம் தொடங்கி, 8, 10, 12 அங்குலம் என்று முழங்காலை நெருங்கும் உயரம் வரையில் கிடைக்கிறது. உயரம் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும். எடையும், கயிறு கட்டும் நேரமும், உள்ளே தேங்கும் வெப்பமும் கூடவே கூடும். நகரத்துத் தெருவில் பனிச்சேற்றைக் கடந்து அலுவலகம் செல்பவருக்கு 6 அல்லது 8 அங்குலம் போதும். புதர்களிலும் உயர்ந்த புல்லிலும் நாள்தோறும் நடப்பவர் 10 அங்குலத்தைக் கருதலாம். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பூட்ஸின் உயரமே நீர் புகாத உயரம் என்று மயங்கலாகாது. ரப்பர் முடியும் கோடு வரைக்குமே அது நீரில் நிற்க வல்லது. அதற்கு மேல் உள்ள தோல் தெறிக்கும் நீரைத் தாங்குமேயன்றி, மூழ்குவதைத் தாங்காது.

மூன்றாவது, அடி ரப்பர். நல்ல ரப்பரைக் கையால் அழுத்தி வளைத்தால் எளிதில் வளைந்து, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். வளைத்த இடத்தில் வெண்மையான கோடு விழுந்து நிலைத்தாலோ, நுண்ணிய வெடிப்பு தோன்றினாலோ அது பழைய சரக்கு; வாங்கவேண்டாம். மலிவான வகைகளில் ரப்பருக்குப் பதிலாக ஒருவகைப் பிளாஸ்டிக் பயன்படுகிறது. கடையின் வெதுவெதுப்பில் அது மெத்தென்று இருக்கும். கடுங்குளிரிலோ விறைத்து வழுக்கும். அடிப்பாகம் மூட்டு ஏதுமின்றி ஒரே கிண்ணம் போல் அமைந்திருக்கிறதா என்பதைச் சுற்றிப் பார்க்கவேண்டும். அடியில் உள்ள வரிகள் மிக ஆழமாயிருந்தால் சேறு அப்பிக்கொண்டு எடையைக் கூட்டும். மிக மேலாக இருந்தால் வழுக்கும். பீன் பூட்ஸின் அடியில் சங்கிலிக் கண்ணிகளைப் போன்ற ஆழமற்ற வரிகள் இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்பாடு. எந்த ரப்பர் அடியும் நனைந்த பனிக்கட்டியின்மேல் வழுக்கக்கூடியதே. ஆதலால் சிம்லா போன்ற ஊர்களில் விடியற்காலையில் சரிவுகளில் இறங்குவோர் கைக்கோலையும் நம்பவேண்டும்.

நான்காவது, மேல்தோல். விலங்கின் தோலில் மேலடுக்கே உறுதியானது. அதில் இயற்கையான நுண்துளைகளும் சிறு சுருக்கங்களும் தென்படும். அந்த மேலடுக்கை நீக்கிய அடித்தோலின்மீது பளபளப்பான பூச்சுப் பூசி விற்பதும் உண்டு. அதனை விரலால் மடக்கினால் பூச்சு தனியே சுருங்குவதையும், நாளடைவில் உரிவதையும் காணலாம். தோல் தொழிலில் நெடுங்காலம் பெயர் பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்ப்பக்கத்தவர் நம் நேயர்களிடையே இருப்பின், அவர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை; கைபட்டவுடன் அவர்கள் அறிவார்கள். மற்றவர்கள் ஒரு துளி நீரைத் தோலின்மேல் இட்டுப் பார்க்கலாம். துளி உருண்டு நிற்குமாயின் தோல் நெய்ப்புடன் பதனிடப்பெற்றிருக்கிறது. உடனே உறிஞ்சப்படுமாயின் மெழுகு ஏற்றிய பின்னரே அணியவேண்டும்.

தோலும் ரப்பரும் சேரும் கோட்டில் எத்தனை வரிசைத் தையல் இருக்கிறது என்று எண்ணுக. ஒரு வரிசை போதாது. சிறந்த வகைகளில் மூன்று வரிசைகள் இருக்கும். தையல் நெருக்கமாகவும், இழை தளராமலும், துளைகள் கிழிந்து அகலாமலும் இருக்கவேண்டும். அடுத்துப் பார்க்கவேண்டியது பூட்ஸின் நாக்கு. கயிற்றின் அடியில் புறங்காலை மூடும் அந்தத் தோல் துண்டு இரு பக்கத்தோடும் மடிப்பு வைத்துத் தைக்கப்பெற்றிருந்தால் நீரும் பனியும் உள்ளே புகா. தனியே தொங்கும் நாக்காயின், அதன் இருபுறமும் நீர் நுழைய வாயில்கள் உண்டு என்றே கொள்ளவேண்டும். பாதத்தின் வளைவுக்கு அடியில் மெல்லிய எஃகுத் தகடு வைத்த பூட்ஸும் உண்டு. மண்வெட்டியை மிதிப்பவர்க்கும் ஏணியில் ஏறுபவர்க்கும் அது நன்மை தரும்.

ஐந்தாவதும் முதன்மையானதும் அளவு. இதில் தென்னாட்டவராகிய நாம் விசேஷமாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிறுவயது முதல் வெறுங்காலுடனோ திறந்த செருப்புடனோ நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்புறத்தில் அகன்றிருக்கும். விரல்கள் விரிந்து தரையைப் பற்றும். நம் நாட்டில் வெறுங்காலுடன் நடப்போரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றும், அவர்களுடைய பாதம் அகன்றது, எடையைச் சீராகப் பரப்பித் தாங்குவது என்று கூறுகிறது. இது குறையன்று, பாதத்தின் இயற்கையான நலம். ஆனால் மேல்நாட்டு அச்சுக்கட்டையில் செய்த குறுகிய பூட்ஸினுள் இத்தகைய பாதம் நெரிபடும். அப்போது பலர் நீளத்தில் ஓர் அளவு பெரியதை வாங்கிச் சமாளிக்கின்றனர். அதனால் குதிகால் உள்ளே ஏறியிறங்கிக் கொப்புளம் உண்டாகும். நீளத்தைக் கூட்டுவது அகலத்துக்கு மாற்றாகாது. அகலமான வகை உண்டா என்று கேட்டு வாங்குவதே முறை.

அளவு எண்களிலும் குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்க முறையில் ஆடவர் எண் பிரிட்டிஷ் எண்ணைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதலாயிருக்கும். அதாவது இங்கே 8 அணிபவர் அங்கே 9 கேட்கவேண்டும். அதுவும் போதாது. ரப்பர் அடி கொண்ட பூட்ஸ், தடித்த கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டுச் சற்றுத் தாராளமாகவே செய்யப்படுவது வழக்கம். மெல்லிய காலுறையே அணிவோர் ஓர் எண் குறைத்து வாங்குமாறு தயாரிப்பாளரே அறிவுரை கூறுவதுண்டு. ஆகையால் எண்ணை நம்பாமல் காலை நம்புக.

அணிந்து பார்ப்பதற்கு மாலை நேரமே ஏற்றது. பகல் முழுதும் நடந்தபின் பாதம் சிறிது பெருத்திருக்கும். பின்னர் அணியப்போகும் அதே காலுறையை உடன் கொண்டு செல்லவேண்டும். இரண்டு காலிலும் அணிந்து, கயிறு கட்டி, எழுந்து நின்று பார்க்கவேண்டும். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரியது. நீண்ட விரலுக்கும் பூட்ஸின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருத்தல் நன்று. விரல்கள் உள்ளே தாராளமாக அசையவேண்டும். அசையாத விரலில் இரத்தம் ஓடாது, இரத்தம் ஓடாத விரலில் வெப்பம் இராது. கடையில் படியோ சரிவோ இருந்தால் இறங்கிப் பார்க்கவேண்டும். இறங்கும்போது விரல் முனையில் முட்டினால் அந்த அளவு உதவாது. பழகப்பழகச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் கூறுவது தோலுக்கு ஓரளவு பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. கீழ்ப்பாகம் முதல் நாளில் கடித்தால் கடைசி நாளிலும் கடிக்கும்.

பெண்கள் ஆடவர்க்கான பூட்ஸின் சிறிய அளவையே வாங்கிவிடுவதுண்டு. பெண்களின் குதிகால் முன்பாதத்தோடு ஒப்பிடும்போது பொதுவாகக் குறுகியது. ஆதலால் அவர்களுக்கென்று தனி அச்சில் செய்த வகையைத் தேடுவது நலம். நீரிழிவு உடையவர்கள் மிகுந்த எச்சரிக்கை கொள்ளவேண்டும். அந்நோயினால் பாதத்தில் உணர்ச்சி குறையக்கூடும்; பூட்ஸ் கடிப்பது தெரியாமலே புண் உண்டாகி ஆழப்பட்டுவிடும். அணியும் முன் பூட்ஸின் உள்ளே கையை விட்டுக் கல்லோ மடிப்போ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், கழற்றியபின் ஒவ்வோர் இரவும் பாதத்தை விளக்கின்கீழ் நோக்குவதும் அவர்களுக்கு மருந்துக்கு ஒப்பானவை. ஈரமும் குளிரும் மிகுந்த இடத்துக்குச் செல்லுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

பூட்ஸ் எவ்வளவு நன்றாயினும் காலுறை சரியில்லையேல் பயனில்லை. பருத்திக் காலுறை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு காலோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்தபின் வெப்பத்தைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கம்பளிக் காலுறை நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்பைத் தரும். ஈரத்தில் வேலை செய்வோர் மாற்றுக் காலுறை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நண்பகலில் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டால் பாதி நோய் விலகும். உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உள்ளட்டை இரண்டு ஜோடி வைத்திருந்து, ஒன்றை அணியும்போது மற்றொன்றை உலர்த்துவது சிக்கனமான நல்வழி. இரண்டு காலுறைகளைத் திணித்து இறுக்கிக்கொள்வது மட்டும் கூடாது. இறுக்கம் குளிரைத் தடுப்பதில்லை, வரவழைக்கிறது.

வாங்கிய பின்னர்ப் பேணும் முறையையும் அறிந்துகொள்ளவேண்டும். குளிர்நாட்டில் நாம் அனைவரும் செய்ய முற்படுவது, நனைந்த பூட்ஸை அங்கீட்டியின் அருகிலோ மின்கணப்பின் முன்னிலையிலோ வைப்பது. அதனால் தோல் வறண்டு வெடிக்கும், ரப்பர் முதுமையடையும், தையல் கோட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கிப் பிரியும். சேற்றைக் கழுவி, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வைப்பதே சரி. தாள் நனைந்தவுடன் மாற்றவேண்டும். தோல் உலர்ந்தபின் அதற்கென்று விற்கும் மெழுகை மெல்லியதாகத் தடவலாம். ரப்பரின்மேல் எண்ணெயோ கிரீஸோ மண்ணெண்ணெயோ படாமல் காக்கவேண்டும். அவை ரப்பரை ஊதச்செய்து பலவீனப்படுத்தும். கோடையில் எடுத்து வைக்கும்போது வெயில் படாத இடத்தில், மடங்காமல் நிற்கவைக்கவேண்டும்.

விலையைக் கருதும்போது பழுது பார்க்க இயலுமா என்பதையும் சேர்த்துக் கருதவேண்டும். தோல் மேற்புறம் நன்கு பேணினால் நெடுநாள் உழைக்கும்; முதலில் தேய்வது ரப்பர் அடி. பழைய மேற்புறத்துக்குப் புதிய அடி வைத்துத் தைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை மெயின் நிறுவனம் வைத்திருக்கிறது. கடல் கடந்து அனுப்பிப் பழுது பார்ப்பது நம்மில் பெரும்பாலோர்க்கு இயலாத செயல். நம் நகரங்களில் உள்ள மோச்சி தையல் விட்ட இடத்தை மீண்டும் தைத்துக் கொடுப்பார். ஆனால் ஊசித்துளையின் வழியே நீர் கசியாதவாறு ரப்பர் பசையால் அடைக்கச் சொல்லவேண்டும். அடி ரப்பரே வெடித்துவிட்டால் அவராலும் ஆவது சிறிது. ஆதலால் வெளிநாட்டுப் பெயர் பொறித்திருக்கிறது என்பதற்காக மட்டும் மிகுந்த விலை கொடுப்பது விவேகமன்று. இங்கே கிடைக்கும் பூட்ஸ்களில் மேற்கூறிய அமைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து, அளவு பொருந்தாவிடில் மாற்றித் தரும் கடையில் வாங்குவதே ஏற்றது.

கையில் பணம் குறைவாயிருப்பின் அதற்கும் வழி உண்டு. சாதாரணக் கம்பூட்ஸ் ஒரு ஜோடியும், நல்ல கம்பளிக் காலுறை இரண்டும், கழற்றி உலர்த்தும் உள்ளட்டையும் வாங்கி, வேலையிடத்தில் மாற்றிக்கொள்ள ஓர் உலர்ந்த செருப்பும் வைத்துக்கொண்டால், சில மணி நேர ஈரவேலைக்கு அது போதுமானது. நாள் முழுதும், தொலைதூரம், ஈரத்திலும் உலர்ந்த நிலத்திலும் மாறிமாறி நடப்பவருக்கே ரப்பரும் தோலும் இணைந்த பூட்ஸின் முழுப்பயன் கிட்டும்.

கடைக்குள் நுழையுமுன் மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்: நாம் நடக்கும் இடத்தில் நீர் எவ்வளவு ஆழம், ஒரு நாளில் எவ்வளவு தொலைவு நடக்கிறோம், நம் பாதத்தின் நீளமும் அகலமும் எவ்வளவு. தாளின்மேல் மாலை நேரத்தில் வெறுங்காலை ஊன்றி நின்று, சுற்றிலும் பென்சிலால் கோடு வரைந்தால் மூன்றாவது விடை கிடைத்துவிடும். அந்தத் தாளைப் பூட்ஸின் அடியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பென்சில் கோடு அடிக்கு வெளியே வழிந்தால், அந்தப் பூட்ஸ் எத்துணை அழகாயினும், எத்துணை மலிவாயினும், நமக்கு உரியதன்று.